கடைமடையின் உயரம் எவ்வளவு?

விமானம் ஓட்டப் பழகுபவரை முதல் நாளே வானத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. தரையிலேயே ஓர் அறையில் விமானியின் இருக்கை, கைப்பிடி, கருவி முகப்பு எல்லாவற்றையும் அமைத்து, எதிரே உள்ள திரையில் நிலமும் வானமும் நகர்வதாகக் காட்டிப் பழக்குகிறார்கள். பறக்காமலே பறக்கக் கற்றுத்தரும் இந்தப் பொறிக்கு சிமுலேட்டர் என்று பெயர். இதன் சிறிய வடிவங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் ஓடுகின்றன. 1980 வாக்கில் வந்த முதல் வீட்டு சிமுலேட்டரில் நிலம் என்பது சில கட்டக் கோடுகள்தாம்; தொலைவில் முக்கோணம் முக்கோணமாய்ச் சில மலைகள், அவ்வளவே. இன்று உலகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. 'மேடு பள்ளமெல்லாம் அப்படியே அச்சாக இருக்கின்றன' என்று சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள்.

அந்தப் பேச்சை நிரூபிக்க அவர்கள் காட்டும் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? இமயமலை, ஆல்ப்ஸ் மலை, பெரும் பள்ளத்தாக்குகள். பார்ப்பவர் வாய் பிளக்கிறார். ஆனால் என்னைக் கேட்டால், ஒரு சிமுலேட்டரின் நிலம் எவ்வளவு துல்லியமானது என்பதற்கு மலை ஒரு நல்ல தேர்வே அல்ல. திருச்சியிலிருந்து கிளம்பி, கிழக்கே சுமார் 120 கி.மீ. பறந்து, திருக்கடையூருக்கு மேலே வந்து கீழே பார்க்க வேண்டும். தேர்வு அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர். அதில் ஒருவர் 6 மீட்டர் தவறினால் தவறு நூற்றில் ஒரு பங்குகூட அல்ல. ஆயிரத்தில் ஒரு பங்குகூட அல்ல. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. திருக்கடையூரோ கடலிலிருந்து ஐந்தாறு கி.மீ. தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இங்கே 6 மீட்டர் தவறினால் ஊரின் உயரம் முழுவதும் தவறு என்று பொருள். ஊரையே கடலுக்குள் இறக்கிவிடலாம், அல்லது இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கி வைத்துவிடலாம்.

காவிரிப் படுகையின் சரிவைச் சற்று எண்ணிப்பாருங்கள். திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 88 மீட்டர். மயிலாடுதுறை பத்துப் பதினொரு மீட்டர். அங்கிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை வரை ஏறத்தாழ 25 கி.மீ. ஆக, கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட நிலம் இறங்குவதில்லை. முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு வயலில் ஒரு வரப்பிலிருந்து எதிர் வரப்புக்கு இருக்கக்கூடிய இயற்கைச் சரிவு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒன்றரை சென்டிமீட்டரை நம்பித்தான் கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடை வரை வந்து சேர்கிறது. நம் உழவர்கள் இதைக் கணிதம் இல்லாமலே அறிந்தவர்கள். நடவுக்கு முன் வயலில் தண்ணீரைக் கட்டி, எந்த இடத்தில் மண் தலைகாட்டுகிறது என்று பார்த்து, பரம்பு ஓட்டிச் சமன் செய்கிறார்கள். நின்ற தண்ணீரைவிட நல்ல மட்டக்கருவி உலகத்தில் கிடையாது.

இனி, சிமுலேட்டருக்கு இந்த உயரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றியது. அதன் வயிற்றில் ஒரு ரேடார். அதிலிருந்து வெளியே நீண்ட 60 மீட்டர் கம்பத்தின் முனையில் இன்னொரு வாங்கி. இரண்டு கண்களால் பார்க்கும்போது நமக்குத் தூரம் புலப்படுவது போல, இரண்டு இடங்களில் வாங்கிய ரேடார் எதிரொலிகளை ஒப்பிட்டு நிலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு இப்படி ஒரே மூச்சில் அளக்கப்பட்டது. அற்புதமான வேலை, அதில் ஐயமில்லை. எஸ்.ஆர்.டி.எம். என்னும் இந்தத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஃபிளைட்கியர் போன்ற இலவச சிமுலேட்டர்களின் நிலத்துக்கு அடிப்படையாக இருந்ததும் இதுவே.

இதன் துல்லியம் என்ன? திட்டமிட்டபோது, நூற்றில் தொண்ணூறு இடங்களில் பிழை 16 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். பின்னர் சோதித்தபோது ஐரோப்பா, ஆசியா நிலப்பரப்பில் அது 6 மீட்டர் அளவில் இருந்தது. எதிர்பார்த்ததைவிட மிக நல்ல விளைவுதான். ஆனால் உயரங்கள் முழு மீட்டர்களாக மட்டுமே பதிவாகியிருக்கின்றன: 3, 4, 5 என்று. இடையில் பின்னம் கிடையாது. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரியும் நிலத்தில் ஓர் எண் மாறுவதற்கு இரண்டு கி.மீ. நடக்க வேண்டும், பிழையோ அடுத்தடுத்த கட்டங்களிலேயே இரண்டும் மூன்றுமாய் ஏறி இறங்குகிறது. கூட்டத்தில் ஒருவர் காதோடு பேசுவது போல, உண்மையான சரிவு இந்த இரைச்சலில் மூழ்கிப்போகிறது. ஆகவேதான் சிமுலேட்டரில் டெல்டாவின் மேல் தாழப் பறந்தால் நெல்வயல் குன்றும் குழியுமாகத் தெரியும். வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கும்.

இன்னொன்று. ரேடார் எதைத் தொட்டுத் திரும்பியது? அந்த ரேடாரின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அது அடர்ந்த இலைக் கூட்டத்தை முழுவதும் ஊடுருவித் தரைக்குப் போகாது. தென்னந்தோப்பு இருந்தால் தோப்பின் நடுவயிற்றிலிருந்தோ தலையிலிருந்தோ திரும்பும். மூங்கில் கொத்து, ஓட்டு வீடு, கோபுரம் எல்லாம் நிலத்தோடு சேர்ந்து நிலமாகவே எண்ணப்பட்டுவிடும். டெல்டாவில் ஊர் இருக்கும் இடமெல்லாம் மரம் இருக்கும். மரம் இருக்கும் இடமெல்லாம் ஊர் இருக்கும். மக்கள் குடியிருக்கும் இடங்களே உள்ளதைவிட உயரமாகப் பதிவாகியிருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது சிமுலேட்டர் திரையின் ஓரத்தைப் பாருங்கள். 'நில உயரம் 3.47 மீட்டர்' என்று காட்டும். முழு மீட்டர்களில் மட்டும் அளந்த தொகுப்பிலிருந்து இந்த .47 எப்படி வந்தது? கொத்தனார் சுவரில் தூக்குக்குண்டு விடுவது போல, விமானத்திலிருந்து நேர் கீழே ஒரு கற்பனைக் கயிற்றை விட்டு, அது நிலப்பரப்பைத் தொடும் இடத்தைக் கணிப்பொறி கண்டுபிடிக்கிறது. கயிறு அளந்த புள்ளியின் மேலேயே விழுவது அரிது. நான்கு புள்ளிகளுக்கு நடுவில் எங்கோ விழும். அங்கே உயரத்தை ஊகிக்க வேண்டும். கணிதப் புத்தகத்தில் இதை இடைச்செருகல் என்பார்கள்.

ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளின் உயரங்களைச் சுற்று வரிசையில் 2, 5, 3, 6 மீட்டர் என்று கொள்வோம். நடுப்புள்ளியின் உயரம் என்ன? நான்கையும் சராசரி எடுத்தால் 4. ஆனால் பல சிமுலேட்டர்கள் நிலத்தை முக்கோணங்களாக வெட்டுகின்றன. சதுரத்தை 2-க்கும் 3-க்கும் இடையிலான மூலைவிட்டத்தில் வெட்டினால் நடுவில் 2.5. 5-க்கும் 6-க்கும் இடையில் வெட்டினால் 5.5. அதே நான்கு எண்கள், அதே இடம், விடைகள் மூன்று! எப்படி வெட்டுவது என்று ஒரு நிரல் எழுதுபவர் தம் வசதிக்கு எடுத்த முடிவு, திருக்கடையூரில் 3 மீட்டர் மாறுதலாக வெளிவருகிறது. புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் அது கணக்கில் பிறந்ததே தவிர, எவரும் அளந்து கண்டதல்ல. சோதனைச் சாலையில் அளவுகோலில் மில்லிமீட்டர் வரைதான் கோடு இருக்கும்போது, சராசரி எடுத்து மூன்று இலக்கம் எழுதி வைத்தால் உங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார் அல்லவா? சிமுலேட்டருக்கும் அதே நீதிதான்.

உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்ற கேள்வியும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஜி.பி.எஸ். கருவிக்குக் கடலைத் தெரியாது. அது பூமியை ஒரு வழவழப்பான, துருவங்களில் சற்றுத் தட்டையான கணித உருண்டையாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மைக் கடல் அந்தப் பரப்போடு ஒட்டி நிற்பதில்லை. புவியீர்ப்பு கூடிய இடத்தில் மேலேயும், குறைந்த இடத்தில் கீழேயும் நிற்கிறது. உலகத்திலேயே இது மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் இடம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே கடற்பரப்பு அந்தக் கணித உருண்டைக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. தரங்கம்பாடிப் பக்கம் அந்தத் தாழ்வு ஏறத்தாழ 90 மீட்டர். இதைத் திருத்தாத ஜி.பி.எஸ். செயலியோடு திருக்கடையூர்க் கோயில் வாசலில் நின்றால், நீங்கள் கடலுக்குக் கீழே எண்பது தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாக அது சாதிக்கும். இந்த இரண்டு அடிமட்டங்களையும் குழப்பிக்கொண்ட சிமுலேட்டரில் விமானம் மண்ணுக்கடியில் போய் நிற்கும்.

விமானத்தின் சொந்த உயரமானியை நம்பலாமே என்பீர்கள். அது காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிச் சொல்லும் கருவி. 1 மில்லிபார் மாறினால் உயரம் சுமார் 8 மீட்டர் மாறும். நம் ஊர்களில் புயல் எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் அழுத்தம் மூன்று நான்கு மில்லிபார் இறங்குகிறது. மேசைமேல் வைத்த உயரமானி, யாரும் தொடாமலே மாலைக்குள் பெரிய கோபுரத்தின் பாதி உயரம் ஏறியிருக்கும். விமானிகள் தரையிறங்குமுன் அந்த இடத்தின் அழுத்தத்தைக் கேட்டுக் கருவியைத் திருத்திக்கொள்வது இதனால்தான்.

சமவெளி, அளப்பவர்களைத் திணற வைப்பது புதிய செய்தியல்ல. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கினார். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றைப் பார்த்துக் கோணம் அளப்பது அவர் முறை. தஞ்சைப் பகுதிக்கு வந்தால் குன்றே இல்லை! கோயில் கோபுரங்களையே குன்றாகக் கொண்டு, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கருவி சுவரில் மோதி அதன் பித்தளை வட்டம் நசுங்கிவிட்டது. லாம்டன் தாமே ஆறு வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினாராம். விண்கலத்தின் ரேடாரும் இந்தத் தஞ்சை மண்ணில்தான் தடுமாறுகிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

'விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முந்நூறு மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு நிலம் ஐந்து மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? உண்மை விமானங்களில் 'தரை நெருங்குகிறது' என்று எச்சரிக்கும் கருவிக்கும் இத்தகைய உயரத் தொகுப்பு உண்டு. அதற்கும் இங்கே அந்தப் பிழை பெரிய கெடுதல் செய்யாது. வேறு இடத்தில் கெடுதல் செய்கிறது. ஏனெனில், சிமுலேட்டருக்கு ஒரு நிலம், வெள்ளத்துக்கு ஒரு நிலம் என்று இரண்டு தொகுப்புகள் கிடையாது. கடல் ஏறினால் எந்த ஊர் முழுகும், புயல் அலை எதுவரை வரும் என்று உலகெங்கும் கணக்கிட்டவர்கள் பலர் இதே எஸ்.ஆர்.டி.எம். எண்களையே எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு என்ன என்பதற்கு வியட்நாமின் மீகாங் டெல்டா சாட்சி. நம்மைப் போலவே நெல் விளையும் மண். அதன் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 2.6 மீட்டர் என்று விண்வெளி அளவைகளை நம்பிச் சொல்லிவந்தார்கள். 2019-ல் ஆய்வாளர் சிலர், வியட்நாமின் நில அளவைப் படங்களில் தரையில் நின்று அளந்து குறித்திருந்த புள்ளிகளை எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். உண்மைச் சராசரி 0.8 மீட்டர்! அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, மரமும் வீடும் கூட்டிக் காட்டிய உயரத்தைக் கழித்துவிட்டு உலகக் கடற்கரைகளைப் பார்த்தது. உயர்வேலை மட்டத்துக்குக் கீழே வாழும் மக்கள் தொகை, எஸ்.ஆர்.டி.எம். சொன்னதைப் போல் மூன்று மடங்கு என்று கண்டது. தென்னையின் தலையைத் தரை என்று எண்ணியதன் விலை இது.

நம் கரைக்கும் இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். திருக்கடையூரும் தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அலை எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதை நிர்ணயித்தவற்றில் ஒன்று, கரையில் இருந்த மணல்மேட்டின் உயரம். இரண்டு மீட்டரா, நான்கு மீட்டரா என்பதே அங்கே பேச்சு. அந்த இரண்டு மீட்டரைக் காணாத படத்தை வைத்துக்கொண்டு பாதுகாப்பான இடம் எது என்று கோடு போட முடியாது.

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2005-ல் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக் கோள் இரட்டைக் கேமராவால் படம் எடுத்து உயரத் தொகுப்பு தந்தது. அதன் இலக்கும் 8 மீட்டர் அளவுதான், டெல்டாவுக்குப் போதாது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு நிலப்படத் தகவல் விதிகளைத் தளர்த்தியது. கிடையில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்று ஓர் எல்லை வைத்து, அதைவிட நுட்பமானவற்றை இந்திய நிறுவனங்கள் மட்டுமே திரட்டி வைத்துக்கொள்ளலாம் என்றது. மலைநாட்டில் 3 மீட்டர் ஒரு பாறை. கடைமடையில் 3 மீட்டர் ஓர் ஊர். 2022-ல் வந்த தேசியக் கொள்கை இதை உணர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. மலைப் பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர், சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியம் என்று பிரித்து, 2030-க்குள் நாடு முழுவதையும் அளக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பது இதற்கு மேல் ஒன்றே ஒன்று. காவிரிக் கடைமடையை முதலில் அளந்து, அந்த எண்களை அலுவலக அலமாரியில் பூட்டாமல் பள்ளிக்கூடங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் கொடுக்க வேண்டும். அந்த எண்களை ஒரு சிமுலேட்டரில் ஏற்றி, தண்ணீர் எந்த வாய்க்காலில் நிற்கும், எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று பத்தாம் வகுப்பு மாணவி பறந்து பார்க்க முடியுமானால், அந்தப் பொறிக்கு அதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை கைகட்டி இருக்கவும் தேவையில்லை. இந்தியாவின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படையான சராசரிக் கடல் மட்டம் 1909-ல் ஒன்பது துறைமுகங்களின் அலை அளவுகளிலிருந்து நிலைநாட்டப்பட்டது. அந்த ஒன்பதில் ஒன்று நாகப்பட்டினம். அங்கிருந்து மட்டக்கருவியும் அளவுக் கம்பும் கொண்டு அடி அடியாக நடந்து நாடெங்கும் உயரக் குறிகளைப் பொறித்தார்கள். இந்த முறையில் ஒரு கி.மீ. நடந்தால் பிழை சில மில்லிமீட்டர்தான். பாலங்களிலும் பழைய கட்டடங்களிலும் கல்லில் வெட்டிய அம்புக்குறி தென்பட்டால் அது இந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலும் கடல் மட்ட உயரம் எழுதியிருக்கும். மயிலாடுதுறையில் பார்க்கலாம். திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குப் போன மீட்டர்கேஜ் பாதை 1926-ல் வந்து 1980-களில் மூடப்பட்டுவிட்டதால், அங்கே பலகை தேடிப் பயனில்லை.

அருகில் ஒரு குறி கிடைத்தால், கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். பத்து மீட்டர் கண்ணாடி நிறக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு, குழாய் எட்டும் ஒவ்வொரு தூரத்துக்கும் நீர்மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொண்டே பள்ளி வாசற்படி வரை நடந்துவிடலாம். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழிகூட நிற்கக் கூடாது. நின்றால் அளவு பொய்யாகும். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். கூட்டிப் பார்த்தால் பூச்சியம் வர வேண்டும். வராமல் நிற்பது எத்தனை சென்டிமீட்டரோ, அதுதான் உங்கள் பிழை. வாசற்படியின் உயரத்தை எழுதும்போது பக்கத்திலேயே அந்தப் பிழையையும் எழுதி வையுங்கள். பிறகு சிமுலேட்டரில் அதே இடத்தில் விமானத்தை இறக்கி, அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.